ஒதுங்கிப் போனதால் உரிமை போய்விடாது

தென்காசி மாவட்டத்தின் மேற்கு எல்லையைக் கோடு போட்டுக் காட்ட வேண்டியதில்லை. சிவகிரியிலிருந்து கடையம் வரை மலையே எல்லையாக நிற்கிறது. நடுவில், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மட்டும் மலை சற்றுத் தாழ்ந்து வழி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு நுழைவது அந்த வழியாகத்தான். ஆனி, ஆடியில் கோவில்பட்டிப் பக்கம் புழுதி பறக்கும்போது குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்றால் அது இந்தக் கணவாயின் கொடை. கருப்பாநதி கடையநல்லூர்ப் பக்கத்துக்கும், சிற்றாறு குற்றாலம் தென்காசி வழியாகவும், ராமநதியும் கடனாநதியும் கடையம், ஆழ்வார்குறிச்சி வயல்களுக்கும் இந்த மலையிலிருந்தே இறங்கி வருகின்றன. ஆய்க்குடிக்கு அனுமன் நதி. மேக்கரையில் 132 அடி உயர அடவிநயினார் அணையில் தேங்கி, வடகரை தாண்டி நம் ஊருக்கு வந்து, சாம்பவர்வடகரை, சுரண்டை என்று போகிறது. கார், பிசானம் என்று நாம் பருவத்துக்குப் பெயர் வைத்துப் பயிர் செய்வதெல்லாம் அந்தத் தண்ணீரை நம்பித்தான்.

ஆய்க்குடி பாலசுப்பிரமணியசாமி கோயிலில் படிப்பாயசம் என்று ஒரு வேண்டுதல் உண்டு. பிள்ளை வரம் கேட்டவர்கள் அனுமன் நதிப் படித்துறையைக் கழுவி, அந்தக் கல்லின் மேலேயே பாயசத்தை ஊற்றுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கையால் வழித்துச் சாப்பிடும். முருகனே குழந்தையாக வந்து உண்பதாக நம்பிக்கை. யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தப் படியில் யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, அந்த ஆறு பிறக்கும் மலைத்தொடரில் வாழும் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசாமல் இருப்பது சரியாகாது.

அந்த மலைகளில் மனிதர்கள் இருக்கிறார்கள். வாசுதேவநல்லூருக்கு மேலே தலையணையிலும், கருப்பாநதி அணையை ஒட்டிய கலைமான் நகரிலும் பளியர்கள் வாழ்கிறார்கள். பழனி மலை, வருசநாடு, ஸ்ரீவில்லிபுத்தூர் மலை என்று தெற்கு நோக்கி நீளும் ஒரு பழங்குடியின் தென்கோடிக் கிளை இவர்கள். செங்கோட்டைக்குத் தெற்கே, அகத்தியமலை வட்டாரத்தில் காணிக்காரர்கள். இந்த இரண்டு மக்களுக்கும் நாம் செய்துகொண்டிருப்பது அநீதி. வார்த்தையைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

பளியர்களைப் பற்றிச் சமவெளிக்காரர்கள் பேசும்போது, 'பாவம், வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் வெகுளிகள் இல்லை. மலைத்தேன் எந்தப் பாறையில், எந்த மாதத்தில் முற்றும், கொம்புத்தேனுக்கும் பொந்துத்தேனுக்கும் கொசுத்தேனுக்கும் மருந்துக்குணம் எப்படி மாறும், கல்பாசியை எந்த மரத்தில் உரித்தால் மறுபடி படரும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும். கொடி காய்ந்து சருகாகிக் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, நுனியில் இரும்பு வைத்த கோலால் கிழங்கின் பக்கவாட்டில் குத்தி மண்ணைக் கிளறுவார்கள். கிழங்கு ஆழமாக நேரே இறங்கியிருக்கும். ஆள் உட்கார்ந்து கை விடும் அளவு குழி தோண்ட வேண்டும். கிழங்கை எடுத்த பின், கொடி முளைக்கும் மேல்தலையைக் குழியிலேயே விட்டு மண்ணைத் தள்ளி மூடுவார்கள். அடுத்த மழைக்கு அது துளிர்த்துவிடும். காட்டைக் காப்பது எப்படி என்று இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கீழேயிருந்து ஆள் போக வேண்டியதில்லை.

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1962 தொடங்கிப் பளியர்களோடு தங்கி ஆராய்ந்தார். 2000ஆம் ஆண்டில் அவர்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். உலக மானிடவியலில் பளியர் என்ற பெயர் அறியப்பட்டதற்கு அவர் எழுத்து முக்கியக் காரணம். அவர் கண்டதில் எங்களை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. பளியர்கள் சண்டைக்குப் போவதில்லை. ஒருவர் இன்னொருவரை அதட்டுவதையும் அடக்குவதையும் பெரிய தவறாக நினைக்கிறார்கள். கணவன் மனைவியையும், பெரியவர் சிறியவரையும்கூட அப்படித்தான் நடத்த வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வெளியாள் வந்து மிரட்டினால், பதில் பேசாமல் விலகி வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். பயத்தில் செய்வதாக இதை எடுத்துக்கொண்டால் தவறு. மோதாமல் வாழ்வதே மனிதத்தன்மை என்று ஒரு சமுதாயம் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்த ஒழுக்கம் இது. அகிம்சைக்கு மேடை போட்டுப் பேசுகிற நாட்டில், அதை அன்றாட நடப்பாகவே வைத்திருந்தவர்கள் இவர்கள்.

அந்த ஒழுக்கத்தை நாம் என்ன செய்தோம்? நமக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டோம். குத்தகைதாரர் தேனுக்கும் கடுக்காய்க்கும் தான் வைத்ததே விலை என்றார்; விலகிப் போனார்கள். பள்ளத்தாக்கில் எஸ்டேட் வந்தது, மேலே ஏறினார்கள். காட்டிலாகா இறங்கச் சொன்னது. அடிவாரக் காலனிக்கு இறங்கினார்கள். ஒவ்வொரு முறையும் எதிர்ப்பு இல்லாததால், சம்மதம் இருக்கிறது என்று கோப்பில் எழுதிக்கொண்டோம். இன்றைக்கு அவர்களுக்கு முதுகுப்புறம் சரணாலயம். முன்புறம் பட்டா நிலங்களும் தோப்பு வேலிகளும். விலகிப் போக இனி இடமில்லை. விலகிப் போவதையே அறமாகக் கொண்ட ஒரு மக்களை விலக முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியதுதான் இந்த மாவட்டத்தின் குற்றம்.

சட்டம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் முகவுரையிலேயே, காட்டு மக்களுக்கு வரலாற்றில் அநீதி நடந்தது என்று ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து பிழைக்கும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் உள்ள நிலத்தில் 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. அதைவிடப் பெரியது சமூக உரிமை. தேன், கிழங்கு, கடுக்காய், நெல்லி, சீகைக்காய் போன்ற சிறுவனப் பொருட்கள் சேகரிப்பவருக்கே சொந்தம் என்கிறது சட்டம். தங்கள் எல்லைக்குட்பட்ட காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் அதிகாரமும் கிராம சபைக்கு உண்டு. சரணாலயம், தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்ட காட்டிலும் இந்த உரிமைகள் செல்லும். 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயம் இதற்கு விலக்கு இல்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் பட்ட பாடு தனிக் கதை. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு, நீதிமன்ற அனுமதி பெறாமல் உரிமைப் பட்டயம் வழங்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. எட்டு ஆண்டுகள். ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்பு முடிக்கும் காலம். தடை நீங்கிய பிறகாவது வேகம் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. நடப்பதெல்லாம் பெரும்பாலும் வீட்டுமனையோடு நின்றுவிடுகிறது. இரண்டு சென்ட் மனையும் ஒரு தொகுப்பு வீடும் கொடுத்துவிட்டால், காட்டின் மேல் அவர்களுக்கு இருந்த உரிமைக்குக் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிற போக்கை நாம் ஏற்க முடியாது. மனை என்பது நலத்திட்டம். காடு அவர்கள் சொத்து. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை எடுத்துக்கொள்வதற்குப் பெயர் நலன் ஆகாது.

இன்னொரு கொடுமை பட்டியலில் இருக்கிறது. பழங்குடிகளிலும் மிகவும் நலிந்த நிலையில் இருப்பவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று 1960-61இல் தேபர் ஆணையம் சொன்னது. உழவுக்கு முந்தைய வாழ்க்கைமுறை, மிகக் குறைந்த எழுத்தறிவு, பெருகாத அல்லது குறைந்துவரும் மக்கள்தொகை, அன்றாடம் தேடி உண்ணும் பிழைப்பு ஆகியவை அந்த வகைப்பாட்டுக்கான அடையாளங்கள். தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலில் ஆறு பழங்குடிகள் உள்ளன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த பளியர் பெயர் அதில் இல்லை. 2023 நவம்பர் 15 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டத்தின் வீடு, சாலை, குடிநீர், மருத்துவ ஊர்தி எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். அடையாளம் ஒவ்வொன்றும் பொருந்துகிற மக்கள் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். நீலகிரியில் உள்ளவர்களுக்குக் கிடைத்தது தவறு என்று யாரும் சொல்லவில்லை. தெற்கு மலைகளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே வருத்தம்.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டுப் பழங்குடிகள் 7,94,697 பேர், நூற்றுக்கு ஒருவர்தான். சட்டமன்றத்தில் அவர்களுக்கென ஒதுக்கிய தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே. இரண்டும் வடக்கே. அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூடக் கிடையாது. வாக்கு குறைவு, குரல் கொடுக்க உறுப்பினர் இல்லை, சண்டைக்கும் வரமாட்டார்கள். மூன்றும் சேர்ந்தால் கோப்பு நகராது.

காணிக்காரர்கள் நிலைமை வேறு விதம். அவர்களைப் பழங்குடியாக ஏற்கும் பட்டியலிலேயே ஊர் எல்லை போட்டிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்கள் என்று பெயர் குறித்திருக்கிறார்கள். குமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின் திருக்கொச்சியோடும் இருந்த பகுதிகள். மாநிலக் கோடு அப்போது மாறியது; 2019இல் மாவட்டக் கோடும் மாறியது. மலையில் கோடு எதுவும் இல்லை. ஆனாலும் வட்ட எல்லைக்கு வெளியே குடிபோன காணிக்காரரின் பேரப்பிள்ளை பழங்குடியா இல்லையா என்பதை, மலை தெரியாத ஒரு மேசை முடிவு செய்கிறது. பழங்குடிச் சான்றிதழ் தர வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, கூலியை விட்டுவிட்டு, கோட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் நாள்கணக்கில் காத்திருக்கும் தகப்பனிடம் 'தாத்தாவின் சான்றிதழ் இருக்கிறதா' என்று கேட்கிறார்கள். குகையிலும் குடிலிலும் வாழ்ந்த தாத்தாவுக்குச் சான்றிதழ் யார் கொடுத்திருப்பார்கள்?

இதே காணிக்காரர்கள் நமக்குக் கொடுத்தது எவ்வளவு என்று பாருங்கள். 1987இல் அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் தாவரவியல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணி இளைஞர்கள், ஒரு செடியின் காயைத் தின்று களைப்பில்லாமல் ஏறினார்கள். ஆய்வாளர்கள் விடாமல் கேட்ட பிறகு அந்த ஆரோக்கியப்பச்சையைக் காட்டிக்கொடுத்தார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. தாவரவியல் பூங்கா நிறுவனம் 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் அதை ஏழு ஆண்டுகள் தயாரிக்கக் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. வந்ததில் சரிபாதி காணிகளுக்கு என்று முடிவு செய்தது. 1997இல் அதற்கென அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகமெங்கும் இதைப் பாராட்டினார்கள். ஆனால் அந்தச் செடியைக் காட்டில் வளர்த்து இலை பறித்துக் கொடுக்கக் காணிகள் முனைந்தபோது வனத்துறை தடுத்தது. அறிவுக்குப் பங்கு உண்டு, காட்டில் கால் வைக்க உரிமை இல்லை என்றால் அந்தப் பங்கினால் ஆவதென்ன?

மலைநாட்டு மக்களின் பேச்சைக் கேட்காத நாடு எங்கே போய் முட்டும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. ஆண்டிஸ் மலையில் கெச்சுவா பேசும் மக்கள் அங்கே சிறு கூட்டம் இல்லை. 2017 கணக்குப்படி ஏறத்தாழ 38 லட்சம் பேருக்கு அது தாய்மொழி. 1969இல் பண்ணையார் நிலங்களைப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் வந்தது. 1975இல் கெச்சுவா ஆட்சிமொழியானது. ஏட்டில் எல்லாம் சரி. ஆனால் 1980க்குப் பிறகு தீவிரவாதிகளுக்கும் ராணுவத்துக்கும் நடுவில் சிக்கி அந்த மலைக் கிராமங்கள் அழிந்தபோது, தலைநகர் லிமாவுக்கு அது உறைக்கவில்லை. உண்மை கண்டறியும் ஆணையம் 2003இல் அறிக்கை கொடுத்தது. மாண்டவர்களும் காணாமல் போனவர்களும் 69,280 பேர் இருக்கும் என்றது. அதுவரை நாடு நம்பியிருந்த எண்ணிக்கையைப் போல அது ஏறத்தாழ இரு மடங்கு. பலியானவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவாவோ வேறு பழங்குடி மொழியோ பேசியவர்கள். பல்லாயிரம் பேர் செத்ததே நாட்டுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

இங்கே அப்படி ரத்தம் சிந்தவில்லை. அந்த அளவில் ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனால் எண்ணாமல் விடுவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பெருவின் கடற்கரைக்காரர்கள் மொழி புரியவில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. பளியர் பேசுவது தமிழ். ராகம் கொஞ்சம் மாறும், சில சொற்கள் வேறுபடும்; கலைமான் நகர்ப் பெண் ஒருத்தி தன் குறையைச் சொன்னால் ஆய்க்குடிக்காரருக்கு ஒரு வார்த்தை விடாமல் புரியும்.

மலைப்பெண் பேசினால் கேட்கும் பழக்கம் நமக்கு இல்லாததும் இல்லை. பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், ஒரு குறத்தியை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து அவள் வாயால் குற்றால மலையின் வளத்தைப் பாட வைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அந்தக் குறவஞ்சிக்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். குறவஞ்சிமேடு என்று அதற்குப் பெயரே நிலைத்தது. கவிராயருக்குக் கிடைத்ததில் நமக்குப் பெருமைதான். குறவர் வேறு, பளியர் வேறு, காணி வேறு என்பதும் தெரியும். ஆனால் மலைமகள் பாடுவதாக எழுதிய பாட்டுக்கு நிலம் கொடுத்த சீமை இது. முருகன் கோயில்தோறும் வள்ளி திருமணம் நடத்தி, தேனும் தினைமாவும் படைத்து, வேடர் குலத்து மருமகளைக் கும்பிடுகிற சீமை. மலையில் உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு மட்டும் இங்கே ஒரு துண்டுக் காட்டுக்கும் உரிமைச்சீட்டு கிடைப்பது இவ்வளவு அரிதாக இருப்பதை எப்படிப் பொறுப்பது?

'உரிமை கொடுத்தால் காடு அழியும், காடு அழிந்தால் ஆறு வறண்டுவிடும்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அக்கறையோடு சொல்பவர்களும் உண்டு என்பதால் பதில் சொல்லியாக வேண்டும். இந்த மலையடிவாரத்தில் ஓடையை மறித்தவர்கள் யார்? சொகுசு விடுதிக்காரர்கள் தங்கள் தோப்புக்குள் செயற்கை அருவி கட்டிப் பணம் பார்த்தார்கள். 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு அவற்றை அகற்றச் சொல்ல வேண்டியிருந்தது. அருவியையே வளைத்தவருக்கு மின் இணைப்பும் சாலையும் கிடைக்கின்றன. கிழங்குத் தலையை மண்ணில் திரும்பப் புதைத்துவிட்டு வருபவர் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையெங்கும் வேட்டைத் தடுப்புக் காவலுக்கும் காட்டுத்தீ அணைக்கவும் வனத்துறை நம்புவது பழங்குடி இளைஞர்களைத்தான். கூலிக்குக் காவல் காக்கும்போது நம்பிக்கைக்குரியவர், உரிமை கேட்கும்போது சந்தேகத்துக்குரியவர் என்பது ஒரே வாயில் இரண்டு பேச்சு.

ஆய்க்குடிக்கு இந்தப் பாடம் புதியதில்லை. 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் இங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த ஒருவர், சக்கர நாற்காலியில் இருந்தபடி, மாற்றுத்திறனாளிகளின் வீட்டு வாசல் வரைக்கும் சேவை போக வேண்டும் என்று காட்டினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பணியைப் பக்கத்திலிருந்து பார்த்த ஊருக்கு, இரக்கத்துக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் தெரியும். மாற்றுத்திறனாளிகளைப் பாவம் என்று பார்த்த காலம் போய், 2016இல் அவர்கள் உரிமைக்கே சட்டம் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய்ப் போர்வையும் அரிசிப்பையும் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். போர்வை குளிருக்கு ஆகும். வன உரிமைக் குழுவில் நடக்கும் விசாரணைக்கு மனு எழுதிக் கொடுத்து, கூடவே போய் நிற்கும் இரண்டு வழக்கறிஞர்கள் தென்காசியிலிருந்து கிளம்பினால் அது தலைமுறைக்கு ஆகும்.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான வன உரிமைக் குழு, தலையணையிலும் கலைமான் நகரிலும் தொடங்கி, ஒவ்வொரு குடியிருப்புக்கும் சமூக வன உரிமையைக் குறித்து எல்லை வரைந்து பட்டயம் வழங்க வேண்டும். அந்த எல்லையைப் பளியர்களே நடந்து காட்டட்டும். பாறைக்கும் ஓடைக்கும் அவர்கள் வைத்த பெயர்கள் வரைபடத்தில் ஏறட்டும். கோட்டாட்சியர் மலையடிவாரத்துக்கு வந்து உட்கார்ந்து சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஊரார் சாட்சியத்தை ஆவணமாக ஏற்க வேண்டும். பளியரை மிக நலிந்த பழங்குடிகள் பட்டியலில் சேர்க்கத் தமிழ்நாடு அரசு ஒன்றியத்துக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். காணிக்காரருக்குப் போட்ட வட்ட எல்லையை எடுக்க நாடாளுமன்றத்தில் திருத்தம் வேண்டும். அதைக் கேட்க வேண்டியது தென்காசி, திருநெல்வேலி, கன்னியாகுமரி உறுப்பினர்களின் கடமை.

இதில் முதல் இரண்டுக்கும் டெல்லிக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. அதிகாரம் தென்காசியிலேயே இருக்கிறது. சாரல் சீசனுக்கு முன்பாக அருவிக்கரையில் வண்டி நிறுத்தவும் கடை ஏலம் விடவும் காவல் போடவும் ஆலோசனைக் கூட்டம் நடத்துவது மாவட்ட நிர்வாகத்துக்கு வழக்கம். இந்த ஆண்டு அந்தக் கூட்டத்துக்கு முந்தைய நாளே வன உரிமைக் குழுவும் கூட வேண்டும். குடியிருப்புகளிலிருந்து வந்த மனுக்கள் எத்தனை, எத்தனை நிலுவையில், யார் மேசையில், எத்தனை நாளாக என்ற கணக்கை அன்றைக்கே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று கேட்கிறோம்.